ஈரத்தில் இழுத்துப் பார்க்க வேண்டிய இழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் ஹைட்ரோஜெல் பொருள்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எடையில் பெரும்பகுதி நீராக இருந்தும் திடப்பொருள் போல உருவம் குலையாமல் நிற்கும் இந்தப் பொருள்களைப் பற்றித் தமிழில் இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையின் நடுவே, பாலிமர் சங்கிலிகள் எனப்படும் நீண்ட மூலக்கூறுகளுக்கு இடையில், அவற்றைக் கோத்துப் பிடிக்கும் குறுக்குப் பிணைப்புகளை எவ்வளவு நெருக்கமாகப் போடுகிறோமோ அவ்வளவுக்கு ஜெல் வலுப்பெறும் என்று ஒரு வரி இருந்தது. நூற்பாலைகளின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் நூலை அறுத்துப் பார்ப்பதையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொழிலாகக் கொண்டிருந்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரியைத் திருத்த எண்ணித்தான் எழுத உட்கார்ந்தேன், கடிதம் நீண்டுவிட்டது. இடமிருந்தால் வெளியிடுங்கள்.

ஜெல் விறைப்பது வேறு, வலுப்பெறுவது வேறு. பிணைப்புகளை நெருக்கினால் ஜெல் விறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு பிணைப்புகளுக்கு இடைப்பட்ட சங்கிலித் துண்டு அந்த அளவுக்குக் குட்டையாகிவிடுகிறது. ஒரு விரிசல் அந்தத் துண்டைக் கடக்க வேண்டுமானால், துண்டு முழுவதும் இழுபட்டு, அதிலுள்ள எல்லா அணுப் பிணைப்புகளும் விறைத்த பிறகே ஏதோ ஓரிடத்தில் அறும்; ஆகவே துண்டு நீளமாக இருந்தால் விரிசல் முன்னேற நிறைய ஆற்றல் வேண்டும், குட்டையாக இருந்தால் கொஞ்சம் போதும். ரப்பரை வைத்து லேக், தாமஸ் என்ற இருவர் 1967-இல் கொடுத்த இந்த விளக்கம் ஜெல்லுக்கும் பொருந்துகிறது. நூலுக்கு முறுக்கு ஏற்றிப் பழகியவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. முறுக்கு கூடக் கூட நூலின் வலிமை ஓர் அளவு வரை ஏறும். அந்த அளவைத் தாண்டினால் நூல் விறைத்துச் சுருண்டு, வலிமை இறங்கத் தொடங்கும். உள்ளே நடப்பது வேறு வேறு என்றாலும், கூட்டிக்கொண்டே போனால் ஆதாயம் கூடிக்கொண்டே போகாது என்பது இரண்டுக்கும் பொது.

வெயில் காலத்தில் நம் வீடுகளில் முந்தின இரவே ஊறப்போடும் பாதாம் பிசினும் ஒரு ஹைட்ரோஜெல்தான். சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் சில, காலையில் கிண்ணத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். கரண்டியின் விளிம்பு பட்டவுடன் பிளந்துவிடும். பிளப்பதற்கு எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை ஜூல் என்று அளக்கிறார்கள். சாதாரண ஜெல்களுக்கு அது 10 ஜூல் அளவில் இருக்கிறது. இயற்கை ரப்பருக்கு ஏறக்குறைய 10,000. நம் முழங்கால் மூட்டிலுள்ள குருத்தெலும்புக்கு ஏறக்குறைய 1,000. அந்தக் குருத்தெலும்பும் பாதிக்கு மேல் நீரால் ஆனதுதான் என்பதை நினைத்தால், நீர் இருப்பதாலேயே ஒரு பொருள் பலவீனமாக இருக்க வேண்டியதில்லை என்பது தெரியும்.

இந்தத் துறையின் தொடக்கத்தில் வலிமையைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1960-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் விக்டெர்லே, லிம் ஆகிய இருவரும் உடலுக்கு ஒத்துப்போகும் ஜெல் ஒன்றை அறிவித்தார்கள். அதிலிருந்துதான் மென்மையான கண் வில்லைகள் வந்தன. கண்ணில் மிதக்கும் வில்லைக்கு மென்மையும் தெளிவும் போதும். அந்த வில்லைகளை வார்க்கும் முதல் இயந்திரத்தை விக்டெர்லே 1961 கிறிஸ்துமஸ் விடுமுறையில் தம் வீட்டுச் சமையலறையில், குழந்தைகள் விளையாடும் இரும்புத் துண்டுகளையும் சைக்கிள் டைனமோவையும் வைத்துப் பூட்டினார். கோவையில் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.

வலிமைக்கு வழி திறந்தது 2003-இல். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் ஜியான் பிங் கோங் என்ற பெண் விஞ்ஞானியின் குழு, ஒன்றினுள் ஒன்றாக இரண்டு வலைகள் கொண்ட ஜெல்லை உருவாக்கியது. முதல் வலை விறைப்பானது, ஏற்கெனவே இழுபட்டு நிற்பது, எளிதில் அறுவது. இரண்டாவது தளர்வானது, நன்றாக நீளக்கூடியது. சுமை வரும்போது முதல் வலை ஆங்காங்கே அறுந்து ஆற்றலை வாங்கிக்கொள்கிறது. இரண்டாவது வலை உருவம் குலையாமல் பிடித்துக்கொள்கிறது. தனித்தனியே எடுத்தால் இரண்டுமே சொங்கிதான். சேர்ந்தபோது, 90 விழுக்காடு அளவுக்கு நீர் இருந்தும், அந்த ஜெல் சுமார் 17 மெகாபாஸ்கல் அழுத்தத்தைத் தாங்கியது. நம் கணக்கில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 170 கிலோ. கட்டுரையாளர் எழுதியதற்கு நேர்மாறாக, இங்கே வலிமை வந்தது அறுவதற்கென்றே சில பிணைப்புகளை விட்டுவைத்ததால்.

இதில் ஒரு குறை இருந்தது. முதல் வலை ஒரு முறை அறுந்தால் திரும்பச் சேராது. இரண்டாம் முறை இழுக்கும்போது ஜெல் தளர்ந்துபோயிருக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஷிகாங் சுவோவின் குழு 2012-இல் இதற்கு ஒரு மாற்றைக் காட்டியது. முதல் வலைக்கு, கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டைப் பயன்படுத்தினார்கள். ஆல்ஜினேட் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிப்பது கால்சியம் அயனிகள். சட்டைப் பித்தான் போல, இழுத்தால் கழன்று, விட்டுவைத்தால் ஓரளவு திரும்ப மாட்டிக்கொள்ளும் பிடி அது. அந்த ஜெல்லில் ஏறக்குறைய 90 விழுக்காடு நீர். ஆனாலும் தன் நீளத்தைப் போல 20 மடங்குக்கு மேல் நீண்டது. பிளக்க வேண்டிய ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 9,000 ஜூல், அதாவது ரப்பரின் அருகில். வெட்டு ஒன்றைப் போட்டுவிட்டு இழுத்தும் 17 மடங்கு நீண்டது என்பதுதான் என்னைக் கவர்ந்த எண். பழுதில்லாத மாதிரியை இழுத்துக் காட்டுவது எளிது. ஆலையிலிருந்து வெளியே போகும் எந்த நூலும் பழுதில்லாமல் போவதில்லை.

ஒரே இழுப்பில் அறுத்துப் பார்ப்பதும் பாதிச் சோதனைதான். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுவது அதன் முழு வலிமையும் தீர்ந்ததால் அல்ல. ஆயிரக்கணக்கான முறை சின்னச் சின்னதாக இழுபட்டுத் தளர்ந்ததால். ஜெல்லிலும் அப்படியே. சிறு சுமையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் விரிசல் நகராமல் நிற்கும் எல்லை எது என்று பார்த்தபோது, ஒரே இழுப்பில் ஆயிரக்கணக்கில் காட்டிய ஜெல்களும் 1 முதல் 100 ஜூலுக்குள் அடங்கிவிட்டன. கழலும் பிணைப்புகள் முதல் சில சுற்றுகளிலேயே கழன்று முடிந்துவிடுவதே காரணம். 2019-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுவான்ஹே ஷாவோவின் குழு, பாலிவினைல் ஆல்கஹால் ஜெல்லில் நுண்ணிய படிகங்களை வளர்த்து இந்த எல்லையை 1,000 ஜூலுக்கு மேல் கொண்டுபோனது. அதே ஆண்டில் அவர்கள் செய்த இன்னொரு வேலை நம் ஆலைக்காரர்களுக்கு உடனே புரியும்: அந்த ஜெல்லை நீருக்குள் வைத்துத் திரும்பத் திரும்ப இழுத்தார்கள். உள்ளிருக்கும் நுண்ணிழைகள் எல்லாம் ஒரே திசையில் நேராகின. 84 விழுக்காடு நீர் இருந்தும், தொட்டால் தசை போல மென்மையாக இருந்தும், 5.2 மெகாபாஸ்கல் வலிமையும் 1,250 ஜூல் எல்லையும் கிடைத்தன. சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங்கிலிருந்து வரும் பஞ்சை டிராயிங் மெஷினில் இழுத்து நேராக்காமல் யாராவது நூல் நூற்பார்களா? உடற்பயிற்சி செய்யும் தசையைப் பார்த்து வந்த யோசனை என்று அவர்கள் சொல்கிறார்கள். டிராயிங் மெஷின் அருகில் நின்றவனுக்கு அது வேறு மாதிரி தெரிகிறது.

2021-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வந்த ஆய்வு இந்த வழியில் இன்னும் ஒரு படி முன்னே போனது. அதே பாலிவினைல் ஆல்கஹாலை ஒரு திசையில் உறையவைத்து, பிறகு உப்புக் கரைசலில் ஊறப்போட்டார்கள். உப்பானது நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ள, பாலிமர் சங்கிலிகள் நீரைவிட்டு ஒன்றோடொன்று நெருங்கித் திரண்டன. வலிமை 23 மெகாபாஸ்கலைத் தாண்டியது. இதைப் படித்தபோது எனக்குத் திருப்பூர்தான் நினைவுக்கு வந்தது. சாயம் நீரை விட்டுவிட்டுப் பருத்தியின் மேல் போய் ஏறுவதற்காக நாம் சாயத் தொட்டியில் கிலோக்கணக்கில் உப்புப் போடுகிறோம். பாலிவினைல் ஆல்கஹாலும் நமக்குப் புதிதல்ல; நம் சைசிங் ஆலைகளில் பாவுக்குப் போடும் கஞ்சியில் சேரும் பிவிஏ அதுவேதான். 1939-இல் ஜப்பானின் கியோட்டோவில் அதிலிருந்து இழை எடுக்க வழி கண்டார்கள். தொழிற்சாலைகளில் அந்த இழையைத் திரட்டும் தொட்டியில் இருப்பது சோடியம் சல்ஃபேட், நம் சாயப்பட்டறைகளுக்கு மூட்டை மூட்டையாக வரும் அதே உப்பு.

ஆகவே வலுவான ஜெல்லை வடிவமைப்பது என்பது புதிய ரசாயனம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதைவிட, அறுவதையும் நீள்வதையும் கலந்து, நேராக்கி, திரட்டி வைப்பது என்றே நான் புரிந்துகொள்கிறேன். அது இழை செய்பவர்களின் வேலை. அதனால்தான் கொங்கு நாடு இதை வேடிக்கை பார்க்கக் கூடாது என்கிறேன்.

இழை என்று வரும்போது எண்களைப் படிப்பதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2017-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், 98 விழுக்காடு நீராக இருக்கும் ஜெல்லிலிருந்து, சூடேற்றாமல், சிலந்தி நூல் விடுவது போல மெல்லிய இழையை இழுத்தெடுத்தார்கள். மிக அழகான வேலை. ஆனால் இழுக்கும்போதே நீரில் பெரும்பகுதி ஆவியாகிவிடுகிறது. வலிமை அளக்கப்பட்டது உலர்ந்த இழைக்கு. இதைப் பிறர் எடுத்து எழுதும்போது 98 விழுக்காடு நீர் உள்ள இழைக்கு அவ்வளவு வலிமை என்று ஆகிவிடுகிறது. நாங்கள் நூலைச் சோதிக்கும்போது 27 பாகை வெப்பமும் 65 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையில் வைத்துப் பழக்கிய பிறகே அறுப்போம், ஏனென்றால் ஈரம் மாறினால் எண் மாறும். பருத்தி நனைந்தால் வலிமை கூடும். விஸ்கோஸ் நனைந்தால் ஏறக்குறைய பாதியை இழக்கும். உடலுக்குள்ளோ புண்ணின் மீதோ இருக்கப்போகும் ஜெல் இழையின் உலர் வலிமையை மட்டும் சொல்வது, மழைக்கோட்டை வெயிலில் சோதித்ததற்குச் சமம்.

ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கும் என் பேத்தி, தன் கல்லூரிச் செயல்திட்டத்துக்காக ஆல்ஜினேட் இழை செய்யப்போவதாகச் சொன்னாள். முறை எளிது: சோடியம் ஆல்ஜினேட்டை நீரில் கரைத்து, ஊசிக் குழல் வழியே கால்சியம் குளோரைடு கரைசலுக்குள் மெல்லத் தள்ளினால், வெளியே வரும் தாரை அந்தக் கணமே இழையாகத் திரளும். முதல் நாளே, "கரைசல் கெட்டுப் போச்சுங்க அப்புச்சி, ஊசிக்குள்ள போறதுக்கு முன்னாடியே கட்டி கட்டியா ஆயிடுது" என்று வந்து நின்றாள். ஆல்ஜினேட்டும் சரியாக இருந்தது, அளவும் சரியாக இருந்தது. கரைக்க எடுத்தது எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர். கேத்தல் வைத்தால் ஆறே மாதத்தில் அடியில் வெள்ளைக் காரை படியும் தண்ணீர் அது. அதிலுள்ள கால்சியமே பாதி வேலையைத் தொட்டிக்கு வெளியிலேயே முடித்துவிட்டது. சிறுவாணித் தண்ணீர் குடிக்கும் கோவைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. சுத்திகரித்த நீரில் கரைத்தபோது இழை ஒழுங்காக வந்தது.

அடுத்த சிக்கல் அதை அறுத்துப் பார்ப்பதில். ஈர இழையை இழுவைச் சோதனைக் கருவியின் தாடையில் கவ்வினால், இறுக்கினால் நசுங்குகிறது, தளர்த்தினால் நழுவுகிறது. தாடை ஓரத்தில் அறுந்த எண்களை நூல் சோதனையில் கணக்கில் சேர்க்க மாட்டோம். இங்கே பத்தில் எட்டு அப்படித்தான் அறுந்தன. கடைசியில் இழையின் இரண்டு முனைகளையும் அட்டைத் துண்டில் ஒட்டி, நடுப்பகுதியை ஈரத்துணியால் மூடி வைத்துச் சமாளித்தோம். ஒரு வாரம் போனது. கட்டுரைகளில் ஒரு வரியாக வரும் எண்ணுக்குப் பின்னால் இப்படி ஒரு வாரம் இருக்கிறது.

ஒரே இழை மருந்தையும் விடும், மின்சாரத்தையும் கடத்தும், ஒளியையும் கொண்டுபோகும் என்று கட்டுரையில் அடுக்கியிருந்ததைப் பற்றியும் ஒரு சொல். தனித்தனியே இவை எல்லாம் உண்மை. ஆல்ஜினேட் இழைக் கட்டு புண்ணின் நீரிலுள்ள சோடியத்தை வாங்கிக்கொண்டு கால்சியத்தை விட்டு, ஜெல்லாக மாறிப் புண்ணை ஈரமாக வைத்திருக்கிறது. பிரிக்கும்போது சதையோடு ஒட்டிக்கொண்டு வருவதில்லை. உப்பு கரைந்த ஜெல் அயனிகள் வழியே மின்னோட்டத்தைக் கடத்துவதால், இழுபடும்போது மின்தடை மாறுவதை வைத்து அசைவை அளக்கலாம். தெளிவான ஜெல் ஒளியையும் கொண்டுசெல்லும். ஆனால் ஒரு வேலைக்காகச் சேர்க்கும் உப்போ துகளோ மருந்தோ, வலைக்குள் இன்னொரு வேலைக்கு இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நான்கு வேலை செய்யும் இழை நான்கையும் அரைகுறையாகச் செய்தால் வாங்குவார் யார்? போதாததற்குக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடி மாதத்தில் அடிக்கும் காற்றில் நனைந்த வேட்டி அரை மணியில் காயும் ஊர் இது. மூடாமல் விட்ட ஜெல் இழை சற்று நேரத்தில் சருகாகிவிடும். கிளிசரின் சேர்ப்பதும், மேலே மெல்லிய ரப்பர் பூசுவதும் இதற்குக் கைவந்த வழிகள். அவற்றையும் சேர்த்து இழையின் வலிமையைச் சொல்ல வேண்டும்.

நிலத்துக்குப் போடும் ஹைட்ரோஜெல்லும் இதுதானா என்று பொள்ளாச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டார். பெயர் ஒன்று, வேலை வேறு. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கொண்டுவந்த பூசா ஹைட்ரோஜெல் போன்றவை நீரை உறிஞ்சி வைப்பதற்கானவை. வலிமை அங்கே தேவையில்லை. உறிஞ்சும் அளவைக் காட்டும் எண்கள் பெரும்பாலும் தூய நீரில் எடுத்தவை. உப்பும் கால்சியமும் உள்ள கிணற்று நீரில் இவ்வகை ஜெல்கள் வெகுவாகக் குறைவாகவே உறிஞ்சும். வாங்குமுன் ஒரு கரண்டியை உங்கள் கிணற்று நீரிலும் ஒரு கரண்டியைச் சுத்திகரித்த நீரிலும் ஊறவைத்துப் பாருங்கள், பக்கத்தில் தென்னை நார்க்கழிவையும் ஊறவைத்து ஒப்பிடுங்கள் என்றேன்.

இனி என் வேண்டுகோள். 1956 முதல் கோவையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமான சிட்ரா இருக்கிறது. மருத்துவ ஜவுளிக்கென்று தனி மையமும் அங்கே உண்டு. தொழில்நுட்ப ஜவுளிக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அரசு 2020-இல் 1,480 கோடி ரூபாய் ஒதுக்கியது. பின்னலாடைக்குத் திருப்பூர், விசைத்தறிக்குப் பல்லடமும் சோமனூரும், மரவள்ளி மாவுக்குச் சேலமும் நாமக்கல்லும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன; ஆல்ஜினேட் தரும் கடற்பாசி மன்னார் வளைகுடாவில் கிடைக்கிறது. சிறு தொழில் செய்பவரும் கல்லூரி மாணவரும் நாள் வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தும் கரைசல் தொட்டிக்குள் இழையைத் திரட்டியெடுக்கும் சிறிய ஈர நூற்பு வரிசை ஒன்று, அதன் பக்கத்திலேயே இழையை நீருக்குள்ளும் உப்புக் கரைசலுக்குள்ளும் வைத்துப் பல்லாயிரம் முறை இழுத்துப் பார்க்கும் மேடை ஒன்று, இவை இரண்டும் இங்கே பொதுவில் வேண்டும். யார் பொறுப்பில் அமைந்தாலும் சரி.

அதோடு இன்னொன்றும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஆல்ஜினேட்டோ பிவிஏயோ, ஈர நூற்பில் இழை எடுக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் உப்பு நீர் மிஞ்சும். அந்த நீர் எங்கே போகும் என்பதை இயந்திரம் வாங்குமுன் எழுதிவைத்தாக வேண்டும். சாயக் கழிவுநீரின் உப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதன் விலையை நொய்யல் கரையிலும் ஒரத்துப்பாளையம் அணையின் கீழும் உழவர்கள் கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு தொழில் செய்தவர்களும் கொடுத்தார்கள். சாய நீரிலிருந்து உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் அனுபவம் இன்று திருப்பூரில் இருக்கும் அளவுக்கு நாட்டில் வேறெங்கும் அதிகமில்லை. ஜெல் இழைக்கு அந்த அனுபவம் அப்படியே உதவும் என்பதையும் அதிகாரிகள் கணக்கில் எடுக்கட்டும்.

தங்களிடமும் ஒரு சிறு வேண்டுகோள் உண்டு. இனி இப்படிப்பட்ட செய்திகளில் வலிமை எண் வரும்போது, சோதிக்கும் நேரத்தில் பொருளில் எவ்வளவு நீர் இருந்தது, எந்த நீரில் சோதித்தார்கள், எத்தனை முறை இழுத்தார்கள் என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

பேத்தியின் இழைகளில் மூன்று இப்போது என் மேசையில், மூன்று கண்ணாடிச் சாடிகளில், ஆளுக்கு ஒரு சின்ன எடையைக் கட்டிக்கொண்டு தொங்குகின்றன. உப்புக் கரைசலில் இருந்தது இரண்டாம் நாளே ஊதிப்போய் அறுந்தது. அதன் கால்சியத்தைச் சோடியம் வெளியேற்றிவிட்டது. சுத்திகரித்த நீரில் இருந்தது கொஞ்சம் நீண்டிருக்கிறது. முதல் நாள் கரைசலைக் கெடுத்த எங்கள் கிணற்று நீரில் தொங்குவது, பதினோராம் நாளான இன்று காலை வரை அப்படியே நிற்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தரக்கட்டுப்பாட்டு அலுவலர்,
அவிநாசி, திருப்பூர் மாவட்டம்.